முப்பத்தேழாம் படம்

தெம்பனிஸில் ஏறி ஊபியில் இறங்குவதற்குள்
ஒன்பது கட்டப் படங்கள் இரண்டு முடிந்துவிடும்.
அதை அப்படியே எழுதினேன்:
"ஐந்து நிறுத்தம், இரண்டு படம். ஒரு கை போதும்,
மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம்."
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கட்டம் நகரும்போது எழும் ஓசைக்கு மட்டும்
தனியாக ஒரு பத்தி கேட்டிருந்தார்கள்.
மரத்தில் மரம் உரசுவது என்றார் ஒலி அமைத்தவர்.
எனக்கு அது
காலை ஆறேமுக்காலுக்குச்
செருப்பு அலமாரிமேல்
சத்தம் வராமல் வைக்கப்படும் சாவி.
"இன்னும் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம்"
என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

யுகேந்திரன் சாங்கியில்
இரவெல்லாம் விமானங்களின் வயிற்றைத் திறந்து மூடுகிறவன்.
அவன் உள்ளே வர, நான் வெளியே போக,
போர்வையில் என் சூடு மிச்சமிருக்கும் இடத்தில்
காலை நீட்டிக்கொள்வான்.
ஏழாவது மாடி, ஒரே கட்டில்,
ஒரு நேரத்தில் ஓர் ஆள்.

படங்கள் பரவாயில்லை.
மீன்கொத்தி அருமை, எது இறகு எது நீர் என்று
கட்டத்துக்குக் கட்டம் தெரிகிறது.
வானம் மட்டும் உள்ள படத்தை எடுத்துவிடச் சொன்னேன்:
பன்னிரண்டு கட்டமும் ஒரே மேகமாய் இருந்தால்
சரியாக வைத்தவனுக்கே சந்தேகம் வரும்.
டுரியான் கடையில் முள் அதிகம், கண் வலிக்கிறது.
குறிப்பு கேட்டால் முப்பது வினாடி விளம்பரம்.
அதை மூடும் பெருக்கல் குறி
எறும்பின் கண்ணளவு.
சிவப்பில் எழுதினேன்.
சிவப்பில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை.

பிறகு, முப்பத்தேழு.
ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை,
பச்சை இருக்கை ஒன்று,
ஓரம் உடைந்த இருக்கை ஒன்று,
ஆளில்லை.
எல்லாம் சேர்ந்துவிட்டது. கடைசி வரிசையில் மட்டும்
பச்சை இருக்கவேண்டிய இடத்தில் உடைந்தது,
உடைந்தது இருக்கவேண்டிய இடத்தில் பச்சை.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போயிற்று.
ஹுய் ஷான் எட்டிப் பார்த்தாள்,
கைத்துடைத் தாளில் எண்கள் எழுதி அம்பு போட்டாள்.
இது தீராது, என்றாள். கணக்கே அப்படி.
இரண்டு மட்டும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள
வழியே கிடையாது.
மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்து சுற்றவேண்டும்.
கண்டபடி கலைத்துப் போட்டால்
பாதிக்குப் பாதி இப்படித்தான் வரும்.
தாளைக் கசக்கி
என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

முப்பத்தேழு: தீர்க்க இயலாது. கடுமை: உயர்வு.

மூன்றாவது, ரஸாலி.
மகளுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல்,
பகலில் வீட்டில் இருந்தாக வேண்டும்,
ஒரு வாரம் இரவு வேலை கொடுங்கள் என்று கேட்டாராம்.
அப்படியாகப் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு
எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

குளியலறை வாசலில் முட்டிக்கொண்டோம்.
நீ போ. இல்லை, நீ போ.
சுவரோரம் யார் படுப்பது என்பதைப்
பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.
இருவருக்குமே அது சுவரோரம்தான்.

நாளெல்லாம் அப்படி என்னதான் செய்கிறாய்
என்று கைப்பேசியைப் பிடுங்கினான்.
திறந்தே இருந்தது, முப்பத்தேழு.
"ரெண்டே ரெண்டு கட்டம்தானே லா!"
என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மடிக்கணினியில் படிவத்தின் கடைசிக் கேள்வி பாக்கி:
சாதாரண ஆட்டக்காரர் எவ்வளவு நேரம் விளையாடுவார்?
"ஒருவர்," என்று எழுதினேன்.
"ஐம்பது நிமிடம். மீ கோரெங் ஆறிவிட்டது.
குறிப்பு கேட்கவில்லை.
விளையாட்டை இருமுறை திட்டினார், என்னை ஒருமுறை.
இன்னும் கீழே வைக்கவில்லை."

அனுப்பும் பொத்தானை அழுத்தும் நேரம்
திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே
சோபாவில் அவன்
ஓர் ஆள் அளவு நகர்ந்தான்.